ரோஜாவைக் கடித்துக்கொண்டு யாரும் ஆடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜோடி நடனங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. டாங்கோவுக்கு என்று போட்டிருந்த படத்தில் வாயில் ரோஜாவைக் கடித்துக்கொண்டு ஓர் ஆண். அவர் கைமேல் வில்லாக வளைந்து, கூந்தல் தரையைத் தொடத் தொங்கும் ஒரு பெண். அடுத்த வாரமே மறுப்பாக ஒரு வாசகர் கடிதம். அன்னிய ஆணைக் கட்டிப்பிடித்து ஆடுவதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தேவைதானா என்று கேட்டிருந்தார். கட்டுரை எழுதியவரும் சரி, கடிதம் எழுதியவரும் சரி, டாங்கோ ஆடுகிற ஒரு கூடத்துக்குள் கால் வைத்ததில்லை என்று நினைக்கிறேன். நான் வைத்திருக்கிறேன். வைத்த காலில் மிதியும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பிறந்தது கும்பகோணம். பத்து வயதிலிருந்து பதினான்கு வரை பரதம் கற்றேன், பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சென்னை, பாரிமுனையில் ஒரு காப்பீட்டு அலுவலகம். 23 வருடம் கோப்பு, 23 வருடம் பஸ். கல்யாண வரவேற்பில் அம்மாவும் ஆடியே தீர வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததில், 48 வயதில் அவளையே ஜோடியாக வைத்துக்கொண்டு நான்கு மாதம் சல்சா கற்றேன். ஒன்று இரண்டு மூன்று, ஐந்து ஆறு ஏழு. நாலிலும் எட்டிலும் சும்மா நிற்க வேண்டும். மேடையில் மோசமாக ஆடவில்லை, வீடியோ இருக்கிறது. ஆகவே 2023 மார்ச்சில் என் கணவருக்கு அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸுக்கு மாற்றல் வந்து, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கூடப் போனபோது, ஜோடி நடனம் நமக்கு ஓரளவு தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு முதல் வகுப்பில் பத்து நிமிடம் தாங்கியது.

நாங்கள் குடியிருந்தது பெல்கிரானோ பகுதியில். இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை எல்லாவற்றுக்கும் அங்கே சீனர்கள் கடை வைத்திருக்கும் தெருவுக்குத்தான் போவேன். ஒரு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பக்கத்துப் பூங்காவிலிருந்து பாட்டுச் சத்தம். பர்ராங்காஸ் தெ பெல்கிரானோ என்ற அந்த மேட்டுப் பூங்காவில் 'லா க்ளோரியெத்தா' என்று ஒரு மண்டபம் உண்டு. நம்மூர்ப் பழைய நகராட்சிப் பூங்காக்களில் வானொலி மண்டபம் இருக்குமே, அதைப் பெரிதாக்கினாற்போல. அதற்குள் முப்பது நாற்பது ஜோடி. பேன்ட்டை வயிற்றுக்கு மேல் ஏற்றிக் கட்டிய தாத்தாக்கள், சுருக்கம் விழுந்த கழுத்தில் முத்துமாலை போட்ட பாட்டிகள், முதுகுப்பையை ஓரமாக வீசிவிட்டு வந்த கல்லூரிப் பிள்ளைகள். யாரும் காலைத் தூக்கி வீசவில்லை, யாரும் யார் கையிலும் தொங்கவில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். பெண்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்கள். கோயில் பிராகாரத்தில் போவதுபோல மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் மெல்ல நகர்ந்தது. ஆனால் வலமாக அல்ல, கடிகார முள்ளுக்கு எதிராக. 'அப்பிரதட்சிணம்' என்று வாய் தானாக முணுமுணுத்தது. மல்லித்தழை வாடும்வரை நின்று பார்த்தேன்.

அடுத்த வாரமே வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிளப்பில் சேர்ந்தோம். பகலில் அங்கே பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவார்கள், இரவு எட்டு மணிக்கு டாங்கோ. முதல் மாதம் முழுக்க நடைதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண் முன்னால் நடப்பார், பெண் பின்னால் நடக்க வேண்டும். பெருமாள் சன்னதியிலிருந்து முதுகு காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வருவோமே, அப்படி. சன்னதியில் நான்கடி வந்தால் போதும். இங்கே கூடத்தின் சுற்றளவு முழுவதும் அப்படியே வர வேண்டும். காலை இடுப்பிலிருந்து நீட்ட வேண்டும், விரல் முதலில் தரையைத் தொட வேண்டும், எதிரே இருப்பவர் வந்த பிறகே உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு மாற வேண்டும். ஒவ்வொரு அடியிலும் முழங்கால்கள் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி கடக்க வேண்டும். அரைமண்டியில் முழங்காலை இரண்டு பக்கமும் அகட்டிப் பழகிய உடம்புக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? நாற்பது வருடத்துக்கு முன்பு தட்டடவு போட்ட பாதம் தரையைத் தட்டாமல் விடமாட்டேன் என்றது. அறுபதைத் தாண்டிய எங்கள் ஆசிரியை என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, தரை உன்னை என்ன செய்தது என்று கேட்டார்.

காலணியும் தகராறுதான். ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும்; உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் முழங்கால் அழும். காலணிக்கு மேலேயே ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிட்டார்கள். தோல் அடி வைத்த செருப்பு வாங்கும்வரை ஆறு வாரம் அந்தக் கோலத்தில்தான் ஆடினேன்.

என் கணவர் கதை தனி. முன்னால் நடப்பவர்தான் வழி, கூட்டம், பாட்டு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் ஓட்டக் கற்றபோது பட்ட பாடு மறுபடி வந்துவிட்டது என்றார். தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு ஜோடிகளை இடித்தார். இரண்டாவது வாரத்திலேயே ஆசிரியை எங்கள் இருவரையும் பிரித்து வேறு வேறு ஆட்களோடு விட்டுவிட்டார். விடாமலிருந்தால் டாங்கோவுக்குப் பதில் சண்டை போடக் கற்றிருப்போம்.

சல்சா பழக்கத்தில் நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். டாங்கோவிலும் அடிப்படைப் பாடமாக எட்டு அடி சொல்லித் தருகிறார்கள். ஐந்தாவது அடியில் பெண்ணின் இடது கால் வலது காலுக்கு முன்னால் குறுக்கே வந்து சேரும், அதற்கு 'க்ரூசே' என்று பெயர். கணக்கைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மனப்பாடம் செய்துவிட்டேன். ஐந்து என்றால் கால் தானாகக் குறுக்கே போய்விடும், எதிரில் இருப்பவர் கேட்டாரா இல்லையா என்ற கவலையே கிடையாது. ஒரு நாள் வகுப்பில் ஒரு பெரியவர் ஜோடியாக வாய்த்தார். எண்பது வயதிருக்கும், சுரங்க ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலாவது அடியில் அப்படியே நின்றுவிட்டார். என் கால் மட்டும் போய் முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றது. பாட்டில் ஒரு வரி போனது, இன்னொரு வரியும் போனது. அவர் அசையவில்லை. எனக்கு வியர்த்தது. என்ன தப்பு செய்தேன், மன்னிப்புக் கேட்கலாமா, எந்த மொழியில் கேட்பது என்றெல்லாம் யோசித்து முடித்து, யோசிக்க வேறு எதுவும் இல்லாமல் போனபோதுதான் அவர் நெஞ்சு லேசாக இடப்பக்கம் சாய்வது தெரிந்தது. அது தெரிந்தபோது என் கால் ஏற்கெனவே நகர்ந்திருந்தது. அதுவரை நான் ஆடியது வாய்ப்பாடு.

பெண் ஆணுக்கு அடங்கிப் பின்னால் போவதுதான் டாங்கோ என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அவர் ஓர் அடி கேட்பார், சரி. நான் அதை எடுத்து முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். காத்திருக்கத் தெரியாதவரோடு அங்கே எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை ஆடுவதில்லை.

இப்போது வாசகர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கட்டிப்பிடிப்பதுதான், வேறென்ன. எனக்கும் கூச்சம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகி 27 வருடத்தில் வேறு ஓர் ஆணின் தோளில் கை வைத்ததில்லை. முதல் மூன்று வாரம் முழங்கைக்குக் கீழே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நடுவில் ஒரு குடத்தை வைக்கலாம், அவ்வளவு தூரம். அப்புறம் இடைவெளி விட்ட அணைப்பு. நெருங்கிய அணைப்பு கடைசியில்தான் வந்தது. அதிலும் நெஞ்சின் மேல்பகுதி மட்டுமே தொடும், இடுப்பும் காலும் விலகியே இருக்கும். இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. எவ்வளவு நெருக்கம் என்பதைப் பெண்தான் முடிவு செய்கிறாள். அவள் இடக்கையை ஆணின் மேல்கையில் வைத்து நிறுத்தினால் அதுதான் தூரம். அதற்குமேல் இழுத்தால் அவரைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிடும்.

ஆனால் கை வைப்பதற்கு முன்பே நடக்கிற ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. டாங்கோ ஆடும் இரவுக் கூட்டத்துக்கு 'மிலோங்கா' என்று பெயர். பத்தரை மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், விடிகாலை மூன்று வரை நடக்கும். நான் போனவற்றில் ஓர் ஆண் பெண்ணின் மேஜைக்கு வந்து கை நீட்டிக் கூப்பிடுவது அநாகரிகம். கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்ப்பார். உங்களுக்கும் விருப்பமிருந்தால் அவரைப் பார்க்க வேண்டும், நீங்களே முதலில் பார்க்கவும் செய்யலாம். அவர் தலையை லேசாக ஆட்டுவார், நீங்களும் ஆட்டினால் எழுந்து வருவார். இதற்கு 'கபெசேயோ' என்கிறார்கள். விருப்பமில்லையா, கண்ணை வேறு பக்கம் திருப்பினால் முடிந்தது. அவர் கேட்டதும் ஊருக்குத் தெரியாது, நீங்கள் மறுத்ததும் தெரியாது.

சொல்ல எளிது. முதல் மிலோங்காவில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குனிந்த தலையை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று ஆசிரியை அப்புறம் சொன்னார். இரண்டாவது தடவை நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் மகிழ்ச்சியோடு தலையாட்டினேன், நம் ஊர் ஆட்டம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. அவர் முகம் விழுந்துவிட்டது, மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். இன்னொருவரிடமும் அதே கதை. அவர்கள் ஊரில் அது 'மாட்டேன்' என்பது எனக்கு உறைக்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது. வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மேலும் கீழுமாகத் தலையாட்டப் பழகினேன். 51 வயதில் 'சரி' சொல்லக் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது தடவை, ஒருவழியாக ஆட ஆள் கிடைத்தது. அந்தச் சுரங்க ரயில் பெரியவரேதான். ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பாட்டுகள் மூன்று நான்காகக் கட்டுக் கட்டாக வரும். அந்தக் கட்டு முழுவதும் ஒரே ஜோடி. முடிந்ததும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பாட்டை அரை நிமிடம் போடுவார்கள், எல்லோரும் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். எங்களுக்குக் கார்லோஸ் தி சார்லி வாத்தியக் குழுவின் இசை வாய்த்தது. 1940-களின் இசை, நடை நன்றாகக் காதில் விழும், புதிதாகக் கற்பவர்களுக்கு அதைத்தான் போடுவார்கள். முதல் பாட்டு முடிந்தது. நான் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. சந்தோஷத்தில், நல்ல வளர்ப்பு காரணமாக, 'கிராசியாஸ்' என்றேன், நன்றி. பெரியவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து என் நாற்காலிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, தலை தாழ்த்தி, போய்விட்டார். மீதிப் பாட்டுகளை உட்கார்ந்து கேட்டேன். பக்கத்து மேஜைப் பெண்மணி சிரித்துக்கொண்டே விளக்கினார்: கட்டின் நடுவில் நன்றி சொன்னால், 'போதும், உன்னோடு இனி ஆட விருப்பமில்லை' என்று அர்த்தமாம். இந்த ஒரு சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க என் கணவரின் அலுவலக மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மூன்று வாக்கியம் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். அவர் வாசித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான்கு பாட்டும் ஆடினார்.

அந்தச் சொல்லை அதன் சரியான அர்த்தத்தில் ஒரே ஒரு தடவை பயன்படுத்தியிருக்கிறேன். பல மாதம் கழித்து, வேறொரு கூடத்தில், ஒரு மனிதரின் கை என் முதுகில் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நின்றேன், 'கிராசியாஸ்' என்றேன், நடந்து வந்து உட்கார்ந்தேன். கத்தவில்லை, காரணம் சொல்லவில்லை. பாதிப் பாட்டில் ஒரு பெண் தனியாக நடந்து வருவதைக் கூடம் முழுக்கப் பார்த்தது. அன்று இரவு நான் பார்த்தவரைக்கும் அந்த மனிதர் கண்ணை எந்தப் பெண்ணும் சந்திக்கவில்லை.

பாரிமுனை பஸ்ஸில் 23 வருடம் போனவள் நான். எத்தனை கை, எத்தனை முழங்கை, பிரேக் போடாமலே பின்னாலிருந்து வந்து சாய்ந்த எத்தனை நெஞ்சு. சேஃப்டி பின் இல்லாமல் எங்கள் அலுவலகப் பெண்கள் யாரும் பஸ் ஏறியதில்லை. அப்படிச் சாய்ந்த ஆண்களில் ஒருவர்கூடக் கண்ணால் கேட்டுவிட்டு வந்து நிற்கவில்லை. நன்றி சொல்லி விலகலாம் என்றால் அடுத்த நிறுத்தம் வர வேண்டும். கடிதம் எழுதிய அந்த வாசகர் நம் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கவலைப்படுவது உண்மையானால், மிலோங்காவை விட்டுவிட்டு மாலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிப் பார்க்கலாம்.

நம் பண்பாடு, அவர்கள் பண்பாடு என்றும் எழுதியிருந்தார். டாங்கோ அவர்களுக்கே ஒரு காலத்தில் அவமானமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், லா பிளாத்தா ஆற்றின் இரு கரைகளிலும், இந்தப் பக்கம் புவெனஸ் அயர்ஸ், அந்தப் பக்கம் உருகுவேயின் மொந்தெவிதேயோ என்று, ஏழைகள் குடியிருந்த பேட்டைகளில் உருவானது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள், எல்லோரும் சேர்ந்து உருவாக்கியது. கௌரவமான குடும்பங்கள் முகம் சுளித்தன. 1913 வாக்கில் பாரிஸ் நகரமே டாங்கோ பைத்தியம் பிடித்து ஆடிய பிறகுதான் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் அது இனித்தது. 2009-ல் யுனெஸ்கோ அதை இரண்டு நாடுகளுக்கும் பொதுவான மரபுச் செல்வமாக அறிவித்தது. தேவதாசிகள் ஆடிய சதிரைப் பார்த்து நாம் சுளித்த முகமும் அப்புறம் பரதநாட்டியம் என்று மேடையேற்றிய கையும் எனக்கு நினைவு வராமல் இருக்குமா? 1932-ல் அதை எதிர்த்த முத்துலட்சுமி ரெட்டியும் ஆதரித்த இ. கிருஷ்ணய்யரும் அதைப் பற்றிச் சென்னைப் பத்திரிகைகளில் கடிதம் எழுதித்தான் மோதிக்கொண்டார்கள். ஆக, நடனத்துக்காக ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது நம் பண்பாடுதான்.

டாங்கோவின் உயிரான வாத்தியம்கூட அவர்களுடையது இல்லை. 'பாந்தோனியோன்' என்ற துருத்திப் பெட்டி ஜெர்மனியில் பிறந்தது. வலக்கைக்கு 38 பொத்தான், இடக்கைக்கு 33. அதே பொத்தானை அழுத்திக்கொண்டு பெட்டியை விரித்தால் ஒரு சுரம், மூடினால் பெரும்பாலும் வேறு சுரம். எங்கிருந்தோ வந்த ஹார்மோனியப் பெட்டி நம் பஜனை மடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறதே, அதுபோல இதுவும் அங்கே தங்கிவிட்டது.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். நான் போன இடங்களில் எப்போதும் பெண்கள் கூடுதல், ஆண்கள் குறைவு. புதிதாகக் கற்கும், ஐம்பதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரியின் கண்ணை யார் தேடுவார்கள்? நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டு ஆடிவிட்டு வந்த இரவுகள் பல. ஆடும்போதே பாடம் எடுக்கும் ஆண்களும் உண்டு. தோள் தப்பு, தலை தப்பு என்று காதுக்குள் ஓயாமல் சொல்வார்கள். அது அங்கேயும் மரியாதைக் குறைவுதான், ஆனாலும் செய்வார்கள். சலித்துப் போய் நானும் இன்னொரு பெண்மணியும் முன்னால் நடக்கும் பங்கைக் கற்க ஆரம்பித்தோம். கற்று முடிப்பதற்குள் 2024 டிசம்பரில் ஊர் திரும்ப வேண்டியதாகிவிட்டது. கடைசி இரவு, வழக்கம்போல 'லா கும்பர்சீத்தா' மெட்டைப் போட்டுக் கூட்டத்தை முடித்தார்கள். அது அந்தக் கரை உருகுவேயைச் சேர்ந்த ஹெரார்டோ மாத்தோஸ் ரோட்ரிகெஸ் மாணவராக இருந்தபோது அமைத்தது. கோயிலில் நடை சாத்தும் மணி கேட்பதுபோல இருக்கும். கேட்டதும் எல்லோரும் எழுந்து ஆடுவார்கள். அன்று மட்டும் என் கணவரோடு ஆடினேன். அவர் குனியவில்லை, யாரையும் இடிக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை சிறியது. அடுத்த முறை டாங்கோ பற்றி எழுதினால் அந்த ரோஜாப் படத்தைப் போடாதீர்கள். அங்கே இருந்த காலம் முழுக்க, ஆடப் போன ஒருவர் வாயிலும் நான் பூவைப் பார்க்கவில்லை. பாக்கு மிட்டாய்போல ஏதோ புதினா மிட்டாய்தான் இருக்கும், அவ்வளவு நெருக்கத்தில் மூச்சு முக்கியம். மண்டபத்தில் தாத்தாவும் பாட்டியும் கண்மூடி நடக்கிற படம் ஒன்று கிடைக்காமலா போகும்?

மடிப்பாக்கம் வீட்டு ஹாலில், என் மாமியார் கோயிலுக்குப் போகும் அரை மணி நேரத்தில், சாக்ஸை மாட்டிக்கொண்டு இன்னமும் நடந்து பார்க்கிறோம். அவரிடம் 'வாக்கிங்' என்று சொல்லி வைத்திருக்கிறோம், பொய்யும் இல்லை. போன வெள்ளிக்கிழமை சீக்கிரம் திரும்பிவிட்டார். கணவர் தோளிலிருந்து நான் கையை எடுப்பதற்குள் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பின்னாலேயே போறியே, டிவி ஸ்டாண்டுல இடிச்சுக்கப் போறே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். மற்ற ஆண்களோடும் ஆடியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. உங்கள் நாளிதழை ராசிபலன் முதல் ரேஷன் செய்தி வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். ஆகவே இதை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். பெயரை விட்டுவிட்டால் மட்டும் அம்மா கண்டுபிடிக்க மாட்டாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் என் கணவர் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.